பிரிந்து வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, சந்தோஷம் மட்டும் ஏன் இன்னும் வரவில்லை?

கொடிவேரி:

வணக்கம். ரொம்ப நாளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதத் தோன்றியது. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் முழு ஆண்டு லீவு விட்ட கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு கணவர் வீட்டை விட்டு வெளியே வந்தேன். அடி எப்போதாவதுதான். மற்றதெல்லாம் கணக்கு. எங்கே போனாய், யாரோடு பேசினாய், எவ்வளவு செலவு. மளிகைக் கடை பில்லில் நேரம் அச்சாகியிருக்கும் இல்லையா, அதை எடுத்து வைத்துக்கொண்டு, கடையிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம்தானே, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார். பதில் சொன்னால் பொய் என்பார், பேசாமல் நின்றால் திமிர் என்பார். என் சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கும், பெட்ரோலுக்குக்கூட அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் திடீரென்று ஒருநாள் மல்லிகைப்பூ, அல்வா, சினிமா என்று ஆளே மாறிப்போவார், நானும் சரி, திருந்திவிட்டார் என்று நம்புவேன்.

இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, லைன் வீடு, மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள். வாடகை கட்ட முடிகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ராத்திரி பயமில்லாமல் தூங்க முடிகிறது. எல்லோரும் "நீ தைரியசாலி" என்கிறார்கள். எனக்குத்தான் உள்ளுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இன்னும் எல்லா பில்லையும் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரியும், ஆனால் கசக்கிப் போடக் கை வரவில்லை. இதைவிட வெட்கம் என்னவென்றால் சில ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஞாபகம் வந்து அழுகிறேன். இவ்வளவு செய்தவரை எதற்கு நினைக்க வேண்டும்?

இதற்கு நடுவில் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கைச் செய்ய வேண்டும். நான் ஒருத்திதான் கூடப்பிறந்தவள். பெரியம்மா வந்து, "புருஷனை விட்டுட்டு வந்தவ கையால எதுக்கு, சித்தப்பா மக செய்யட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தலையாட்டியிருக்கிறார்.

இதிலிருந்தெல்லாம் மீண்டு வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பலம் பலம் என்கிறார்களே, அது எப்போது வரும்? சந்தோஷம் வருமா, வராதா?

----

மலைக்கோட்டை_அக்கா:

தங்கச்சி, நான் இதே மாதிரி வெளியே வந்து பல வருஷம் ஆயிற்று. என் பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், வரும். ஆனால் நீ எதிர்பார்க்கும் வாசல் வழியாக வராது.

முதலில் அந்தத் "தைரியசாலி" பட்டத்தைக் கழற்றி ஆணியில் மாட்டு. அதைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு இருந்தால் அழக்கூட முடியாது, தைரியசாலி அழலாமா என்று நீயே உன்னைக் கேட்பாய்.

உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது என்றாயே, எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏறக்குறைய முதல் இரண்டு வருஷம். அவ்வளவு காலம் உன் புத்தி முழுக்க ஒரே வேலைதான் பார்த்தது. அவர் செருப்புச் சத்தம் எப்படி இருக்கிறது, கதவை எவ்வளவு வேகமாகச் சாத்தினார், இன்றைக்கு எந்த முகம் என்று வேவு பார்க்கிற வேலை. இப்போது ஆள் இல்லை, ஆனால் உடம்பு இன்னும் டூட்டியிலிருந்து இறங்கவில்லை. பில்லை மடித்து வைப்பது அந்த டூட்டிதான். நானெல்லாம் வெளியே வந்து வெகுநாள் வரைக்கும் போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன், குளித்துக்கொண்டிருந்தால்கூட ஓடி வருவேன்.

அவர் ஞாபகம் வருவதற்கு வெட்கப்படாதே. அமெரிக்காவில் லெனோர் வாக்கர் என்று ஒரு உளவியலாளர், அடிபட்ட பெண்கள் நிறையப் பேரிடம் பேசிவிட்டு 1979ஆம் வருஷமே எழுதியிருக்கிறார், இது சுற்றிச் சுற்றி வரும் என்று. முதலில் வீட்டுக்குள் இறுக்கம் ஏறும், பிறகு வெடிக்கும், பிறகு கொஞ்சல். நீ சொன்ன மல்லிகைப்பூவும் அல்வாவும் அந்த மூன்றாவது கட்டம். எல்லா வீட்டிலும் இதே வரிசையில்தான் நடக்கும் என்றில்லை, பிற்பாடு வந்தவர்கள் அதைக் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள், ஆனால் படித்தபோது என் வீட்டு வரவேற்பறையை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது மாதிரி எனக்கு இருந்தது. இன்னொன்று, ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனை. கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்து பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது விழும் என்றே தெரியாமல் எப்போதாவது விழுந்து பழகிய புறாதான் தீனி நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தினமும் அன்பாக இருந்து ஒருநாள் போனவரைக்கூட மறந்துவிடலாம், எப்போது அன்பு வரும் என்று தெரியாமல் காக்க வைத்தவரை மறப்பதுதான் கஷ்டம். நீ அழுவது அவருக்காக என்று நினைக்கிறாயா? அந்த அல்வா சாயங்காலத்துக்காக அழுகிறாய். அது உண்மையான சாயங்காலம்தான், அழுதுகொள். அதற்காக போனை மட்டும் கையில் எடுக்காதே, மெசேஜ் போட்டால் அது திரும்பவும் முதலிலிருந்து.

எனக்கு முதல் சந்தோஷம் எப்படி வந்தது தெரியுமா? சண்டையாக வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர் ஐந்து ரூபாய் கூடக் கேட்டார். நான் கத்தினேன் பார், நடுரோட்டில், தொண்டை கிழிய. அந்த மனுஷன் பயந்துபோய், "விடும்மா, வேண்டாம்மா, போம்மா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, அவ்வளவு வருஷத்தில் நான் குரலை உயர்த்தியதே இல்லை, உயர்த்திவிட்டு அடுத்து என்ன நடக்குமோ என்று அடிவயிறு கலங்கவும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து தனியாகச் சிரித்தேன். இதைப் போய் யாரிடம் சந்தோஷம் என்று சொல்ல முடியும்? ஆனால் அதுதான்.

ஒன்று செய்து பார். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை அல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அழுகை வருகிற அதே நேரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பஸ்ஸில் ஏறு. எங்கே போகிறது என்று போர்டைக்கூடப் பார்க்க வேண்டாம். கடைசி ஸ்டாப் வரைக்கும் போ, ஜன்னலோரம் உட்கார், இறங்கி ஒரு டீ குடி, அதே பஸ்ஸில் திரும்பி வா. ஏன் போனாய் என்று கேட்டால் சொல்ல உனக்கே பதில் இருக்கக் கூடாது. என் காலத்தில் அந்த வசதி இல்லை, இருந்திருந்தால் நான் திருச்சி ஜில்லா முழுக்கச் சுற்றியிருப்பேன்.

மனசு ரொம்பவும் பாரமாக இருந்தால், தூக்கமே போய்விட்டால், 14416க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்று மத்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். நான் பைத்தியமா என்று கேட்காதே, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதில்லையா.

----

சாதாரணன்:

யாரும் கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். கணக்குக் கேட்பது, சந்தேகப்படுவது எல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பெண் குழந்தை இருக்கிறது, நாளைக்கு அதற்கு வரன் பார்க்கும்போது அப்பா எங்கே என்று கேட்பார்கள். பெரியவர்களை வைத்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரலாமே. இங்கே எல்லோரும் பிரிந்து போவதற்குத்தான் யோசனை சொல்கிறீர்கள்.

----

வக்கீல்_குமாஸ்தா:

சாதாரணன் சார், அந்தம்மா பிரியலாமா என்று கேட்கவில்லை, பிரிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறார். பதில் எழுதுவதற்கு முன் கேள்வியைப் படிப்பது நல்லது.

"எல்லா வீட்டிலும்" என்றீர்களே. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் கல்யாணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைகுனிய வேண்டிய எண்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எல்லா வீடும் இல்லையே சார், பாதி வீடுகூட இல்லை. அதனால் ஊர் வழக்கம் என்று சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது.

அம்மா, நான் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா, வக்கீல் இல்லை, ஆனால் குடும்பநல கோர்ட் படி ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தவன். மனசு விஷயம் அக்கா சொல்லிவிட்டார். நான் காகித விஷயம் சொல்கிறேன். என் அனுபவத்தில் வெறுமை, வெறுமை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காகித வேலை முடியாமல் தொங்கிக்கொண்டு இருக்கும். அது முடிந்தால் முகமே மாறுகிறது.

நீங்கள் சொன்னதெல்லாம் 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டத்தில் வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை, வாய்ப்பேச்சு, மனசை வதைப்பது, பொருளாதார ரீதியாகக் கையைக் கட்டிப்போடுவது எல்லாம் சேர்த்தி. உங்கள் சம்பளக் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டது அந்தக் கடைசி வகை. இதற்கு விவாகரத்து கேஸ் போட்டிருக்க வேண்டும் என்றில்லை, எப்.ஐ.ஆர். இருக்க வேண்டும் என்றும் இல்லை. கணவர் ஊருக்குப் போய்த்தான் மனுப் போட வேண்டும் என்றும் இல்லை, நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம், தற்காலிகமாகக் குடியிருந்தாலும் போதும், பிரிவு 27 அதைச் சொல்கிறது. பலருக்கு இது தெரியாமல் அந்த ஊர்ப் பக்கம் போகவே பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள்.

எங்கே தொடங்குவது? கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலகம் என்று கேளுங்கள். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், நடந்ததை எழுதி வாங்கி அறிக்கை தயார் செய்து கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 181, அது பெண்களுக்கான உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. வக்கீலுக்குக் காசு இல்லையே என்று யோசிக்காதீர்கள். 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கும் உண்டு. போன் நம்பர் 15100, இல்லையென்றால் மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேரில் போகலாம்.

நகை, சீர் விஷயம் நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் அங்கேயே கிடக்கிறது என்று நினைக்கிறேன். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்டதும் கொடுத்ததும் உங்கள் சொத்து, கணவருக்கும் மாமியாருக்கும் அதில் பங்கு இல்லை. சுப்ரீம் கோர்ட் 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஜீவனாம்சமும் மகளின் படிப்புச் செலவும் தனி. நீங்கள் சம்பாதித்தாலும் குழந்தைக்கு அப்பா கொடுக்க வேண்டியது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பில்களைக் கசக்கிப் போடாதீர்கள்! 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஜீவனாம்சம் கேட்கும்போது இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, மாதச் செலவு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாதம் இவ்வளவு செலவாகிறது என்று நீங்கள் எழுதுவதற்கு அந்தப் பர்ஸ்தான் ஆதாரம். ஸ்கூல் பீஸ், மருந்து, மளிகை, வாடகை என்று பிரித்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஒருவருக்குப் பயந்து சேர்த்தீர்கள், இனி கோர்ட்டுக்காகச் சேர்த்து வையுங்கள். அதே வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

வாய்தா வாய்தா என்று இழுக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. சட்டத்தில் அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, நடப்பில் அப்படி முடிவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கேஸ் முடியும் வரைக்கும் செல்லுகிற இடைக்கால உத்தரவு கேட்டு வாங்கிவிடுங்கள். சமரசம் பேசலாம் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள், அது அவர்கள் வேலை, உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லலாம், அதற்காக மனுவைத் தள்ள முடியாது.

----

நைட்ஷிப்ட்:

நான் ஆண், சென்னை, ஐடி சப்போர்ட் வேலை. என் கதை கல்யாணம் இல்லை, காதல். அந்தப் பெண் என் போனைப் பார்ப்பார், ஆபீஸ் முடிந்ததும் வீடியோ காலில் ரோட்டைக் காட்ட வேண்டும், நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். ஆம்பளைக்கு என்னடா டார்ச்சர் என்று சிரித்தவர்கள்தான் அதிகம். அது போகட்டும், கதை சொல்ல வரவில்லை.

கொடிவேரி அக்கா, உங்கள் போனை ஒருமுறை சுத்தம் செய்தீர்களா? கணக்குப் பார்க்கிற ஆட்கள் போனை விட்டுவைக்க மாட்டார்கள், தொழில் முறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளி, அதில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று இருக்கும், அங்கே உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உங்கள் மெசேஜ் எல்லாம் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் போய்ப் பாருங்கள். ஜிமெயில் கணக்கில் மீட்பு நம்பராக அவர் நம்பர் இருந்தால் நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை, அதை முதலில் மாற்றுங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் உடனே நீக்காமல் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள், குமாஸ்தா அண்ணனுக்கு உதவும். (இதைப் படிக்கிற வேறு யாராவது இன்னும் அதே வீட்டில் இருந்தால் அவசரப்பட்டு நீக்க வேண்டாம், நீக்கியது அந்தப் பக்கம் தெரிந்துவிடும், முதலில் 181இல் பேசுங்கள். கிளம்புகிற நேரமும் கிளம்பிய புதிதும்தான் அதிக ஆபத்து.)

ஆதாரில் இருக்கும் மொபைல் நம்பர் யாருடையது? அவருடையது என்றால் ஓடிபி எல்லாம் அங்கே போகும், ஆதார் மையத்தில் மாற்றிவிடுங்கள். பேங்கில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். மகள் பள்ளிக்கூடத்தில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். எனக்கு வந்த முதல் நிம்மதி லொகேஷனை அணைத்துவிட்டு மெரினாவில் போய் உட்கார்ந்த அன்றைக்குத்தான். சுண்டல் விற்கிற பையனைத் தவிர நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

----

சித்தோடு_டீச்சர்:

கண்ணு, நான் ரிட்டயர்டு டீச்சர், ஈரோட்டுப் பக்கம். மற்றவர்கள் எல்லாம் நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள், இணைச்சீர் சங்கதியை மட்டும் யாரும் தொடவில்லை, அது நம்ம ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும்.

உங்க பெரியம்மா சொன்னது எனக்கு ஆச்சரியமே இல்லை. வாழாவெட்டி என்று வாய்விட்டுச் சொல்வது இப்போது நாகரிகம் இல்லை, அதனால் சீரிலிருந்து ஒதுக்குகிறார்கள், பந்தியில் ஒதுக்குகிறார்கள், போட்டோவில் ஓரத்தில் நிற்க வைக்கிறார்கள். ஆனால் ஒன்று யோசி. இணைச்சீர் கூடப்பிறந்தவள் செய்கிற சீர். தாலி யார் கட்டினான், இப்போது கூட இருக்கிறானா இல்லையா என்பதற்கும் அதற்கும் என்ன? நீ அவனோடு கூடப்பிறந்தது கோர்ட்டில் ரத்தாகிவிடுமா?

நீ போய் பெரியம்மாவிடம் மல்லுக்கட்டாதே. பேச வேண்டியது உன் தம்பி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வாய்க்கு இருக்கிற மதிப்பு வேறு யார் வாய்க்கும் கிடையாது, அதுவும் ஒரு மாசத்துக்குத்தான், அதற்குள் உபயோகப்படுத்திக்கொள்ள வேண்டும். "எங்கக்கா செய்யலைன்னா இணைச்சீரே வேண்டாம்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் பெரியம்மா பட்டுச் சேலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்யாணச் சடங்குகளை நடத்தி வைக்கிற அருமைக்காரரிடமும் அவனே முன்கூட்டிச் சொல்லி வைக்கட்டும், முகூர்த்த நேரத்தில் யாராவது குசுகுசுத்தால் அவர் பார்த்துக்கொள்வார். உங்கம்மா தலையாட்டியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த வயசில் நாலு பேர் முன்னால் தலையாட்டுவது அவர்களுக்குப் பழகிய தற்காப்பு, உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்று தனியாக இருக்கும்போது கேட்டுப் பார்.

அதெல்லாம் அப்புறம். முதலில் எனக்கு இதைச் சொல்லு, உனக்கு இணைச்சீர் செய்ய இஷ்டமா? ஊருக்கு நிரூபிக்கவா, இல்லை ஆசையா? இஷ்டம் இல்லையென்றால் முதல் வரிசையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் உனக்கு உரிமை உண்டு. அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

----

கொடிவேரி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் பலமுறை படித்தேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் பக்கத்து சீட் அக்கா வெங்காய தோசையா என்று கேட்டார்.

டீச்சரம்மா, சரியாகக் கேட்டீர்கள், யாரும் கேட்கவில்லைதான். எனக்கு ஆசை இருக்கிறது. தம்பியை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். அவனிடம் பேசினேன். "அக்கா, அம்மா மனசு கஷ்டப்படுமே" என்றான், கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேசறேன்" என்றான். பேசுவான் என்று நினைக்கிறேன், பேசாவிட்டாலும் நான் கேட்டுவிட்டேன் என்பதே எனக்குப் புதுசு. முன்பெல்லாம் கேட்கிற வழக்கமே இல்லை.

நைட்ஷிப்ட் தம்பி, வாட்ஸ்அப்பில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கை நடுங்கிவிட்டது. அதுதான் மகள் பள்ளிக்கூடம் மாறியதெல்லாம் அவர் வீட்டுக்கு உடனே தெரிந்திருக்கிறது, அம்மாதான் உளறிவிட்டார் என்று நான் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீக்கிவிட்டேன். ஆதாரில் நல்லவேளை என் நம்பர்தான்.

மலைக்கோட்டை அக்கா, பஸ்ஸில் போனோம். கடைசி ஸ்டாப்பில் ஒரு கோயிலும் ஒரு டீக்கடையும்தான், டீ கழுநீர் மாதிரி இருந்தது, மகள் கடைக்காரரின் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று ஒரே அடம். எனக்கு ஒன்றும் பெரிதாகச் சந்தோஷம் வந்துவிடவில்லை, ஆனால் அன்றைக்கு அழவில்லை, அடுத்த ஞாயிறு வேறு ரூட்டில் போகலாம் என்று பேசிக்கொண்டே வந்தோம்.

சாதாரணன் சார், என் மகளுக்கு வரன் பார்க்கும்போது அப்பா எங்கே என்று கேட்டால் அவளே பதில் சொல்லிக்கொள்வாள். இப்போதே நன்றாகப் பேசுகிறாள்.

குமாஸ்தா அண்ணா, நகை எல்லாம் அங்கேதான் இருக்கிறது, மாமியார் லாக்கரில். கல்யாண ஆல்பமும் அங்கேயே. ஒரு வளையல் ஜோடி, ஆரம், நெக்லஸ், கம்மல், மகளுக்குக் காதுகுத்தில் போட்டது என்று மனசில் வரிசையாக இருக்கிறது, ஆனால் எடை சரியாகத் தெரியாது. வெறும் ஞாபகத்தை வைத்துப் பட்டியல் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் போகலாம் என்று இருக்கிறேன்.

----

வக்கீல்_குமாஸ்தா:

ஞாபகத்தில் இருப்பதை முதலில் எழுதிவிடுங்கள் அம்மா, எடையை "சுமார்" என்று போடலாம். பிறகு அதற்கு ஆதாரம் தேடுவோம். நகை வாங்கிய கடையில் உங்கள் அப்பா பெயரில் பில் இருந்திருக்கும், கடைக்காரரிடம் பழைய பில் நகல் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் எடை தெளிவாகிவிடும். ஆல்பம் போனால் போகட்டும், கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் விசாரியுங்கள், பலர் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்த போட்டோவில் கழுத்தும் கையும் தெரிகிற மாதிரி நாலு கிடைத்தால் போதும், எந்த நகை எந்தப் படத்தில் தெரிகிறது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். நகை போட்டதை நேரில் பார்த்த தாய்மாமா, சித்தி யாராவது சாட்சி சொல்ல வருவார்களா என்றும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மகளின் காதுகுத்து நகையைத் தனியாக எழுதுங்கள், சீர்ப் பாத்திரம், பீரோ, கட்டில், வண்டி எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், அற்பம் என்று எதையும் விட வேண்டாம்.

கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு மக்கள் குறைதீர் கூட்டம், உட்காரவே இடம் கிடைக்காது. செவ்வாய் அல்லது புதன் காலையில் பத்து பத்தரைக்குப் போய்விடுங்கள். ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்றிதழ், அந்த ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட், எல்லாவற்றிலும் இரண்டு செட். எழுதிக் கொடுக்கும் மனுவில் அவர்களிடம் முத்திரையும் தேதியும் போட்டு ஒரு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.